நாச்சிமுத்துவின் கண்ணும் மச்சினன் மிஷினும்

வாகைப்புதூரில் விறகுத் தொட்டி வைத்து முப்பது வருடமாகக் கட்டை பிளந்து விற்றுவந்த நாச்சிமுத்து, கோடாலி எடுக்காமல், கையை அசைக்காமல், வெறும் கண்ணாலேயே ஒரு புளியங்கட்டையை முதன்முதலாகப் பிளந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தபோது. நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் நம்பலாமா வேண்டாமா என்ற பேச்சே ஊரில் எழவில்லை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊர் அது. அப்பேர்ப்பட்ட கண்ணுக்குக் கட்டை எம்மாத்திரம் என்று தலையை ஆட்டிவிட்டு, பூஜைச் சுண்டலை வாங்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பத்து வருடம் இருக்கிறது. பத்து வருடமும் நாச்சிமுத்து பேசிக்கொண்டே இருந்தார். மாகாளியின் டீக்கடை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணில் குச்சியால் கோடு போட்டு, விறகு பிளக்கும் மிஷின் ஒன்றை ஊருக்கே விளக்கினார்.

"கோடாலியப் புடிச்சுத் தோள்பட்டையக் கெடுத்துக்கற காலம் போச்சு கண்ணு. ஒரு ஐட்ராலிக் சிலிண்டரு, அதத் தள்ள ஒரு பம்பு, எதுக்கால ஒரு ஆப்பு. நடுவால கட்டையப் படுக்க வெச்சு லீவரத் தள்ளுனா, செதறுகாய் ஒடையறாட்டம் ரெண்டாப் போயிரும்."

கேட்டவர்களுக்கு மிஷின் கண்முன் நின்றது. அது ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. அதைச் செய்வதற்கு மட்டும் அவருக்கு நேரம் வரவில்லை. தை பிறக்கட்டும் என்பார். தை பிறந்தால் முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்பார். முடிந்தால் வெயில் தாழட்டும் என்பார். நாளைக்கு என்பவன் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை என்று மாகாளி கேலி செய்தால், விறகுக்காரன் வீட்டு அடுப்புக்கு என்ன குறை என்று திருப்பிக் கொடுப்பார்.

அந்தப் பத்து வருடமும் அதே கடையின் பெஞ்சு ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்து டீ குடித்தவன் திருமூர்த்தி. நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணிக்கு ஒரே தம்பி. விறகுத் தொட்டிக்கு எதிர்ச்சாரியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். துளசிமணிக்குப் பத்து வயதில் அம்மா போய்விட, மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் நாளொன்றுக்கு நாற்பது வார்த்தை பேசினால் அன்று மழை வரும் என்பார்கள்.

ஒரு தை மாதம், நாச்சிமுத்துவிடம் சொல்லாமல்கொள்ளாமல், திருமூர்த்தி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாலு நாள் அலைந்து, ஆயுசு முடிந்த ஜேசிபி ஒன்றிலிருந்து கழற்றிய சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கினான். ராடில் இருந்த கீறலை மெருகு போட்டு எடுத்தான், இற்றுப்போன சீல்களை மாற்றினான், இடித்த பாலத்தில் கிடைத்த ஒன்பதடி எச் பீம் இரும்பு உத்தரத்தைப் படுக்கவைத்து அதன் ஒரு முனையில் சிலிண்டரையும் மறுமுனையில் புல்டோசர் பிளேடில் அறுத்தெடுத்த ஆப்பையும் பற்றவைத்தான், டிப்பர் டிரெய்லரின் பம்பையும் பெரியப்பன் தோட்டத்தில் சும்மா கிடந்த எட்டுக் குதிரை டீசல் இன்ஜினையும் கோத்தான், ஆயில் டேங்குக்கு ஒரு பழைய பால் கேனை வைத்தான்.

முதல் தடவை ஓட்டியபோது ஓஸ் குழாய் வெடித்து, சுவரிலிருந்த காலண்டர் முருகனுக்கு ஆயில் அபிஷேகம் ஆனது. இரண்டாம் தடவை பீம் வில்லாக வளைந்தது. மூன்றாம் தடவை ஆப்பு பெயர்ந்து பட்டறைக் கூரையில் போய்ச் செருகிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் நாச்சிமுத்து சாலையைக் கடந்து ஓடினார், மச்சினனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார், பீமுக்கு அடியில் பட்டை வைத்துப் பற்றவைக்கச் சொன்னார், தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். தோற்றுக்கொண்டிருக்கிறவன்மேல் எவ்வளவு பிரியமாக இருக்க முடிகிறது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டாம் மாதம் மிஷின் ஓடிவிட்டது.

பூஜை வெள்ளிக்கிழமை என்று ஊருக்கே சொல்லியனுப்பினான் திருமூர்த்தி. நாச்சிமுத்து கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றார். மிஷினுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி உடைத்தார்கள். பீமின்மேல் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் புளியங்கட்டை. முதன்முதலாக லீவரைத் தள்ளத் தன்னைத்தான் கூப்பிடுவான் என்பதில் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. யோசனை யாருடையது? அக்காள் புருஷன் யார்? கையைக்கூடப் பாதி நீட்டிவிட்டார்.

"அக்கா, நீதான் தொட்டுக் குடுக்கோணும்," என்றான் திருமூர்த்தி.

துளசிமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து லீவரைத் தொட்டாள். பிறகு தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்து, "எந் தங்கம்! எங் கண்ணே பட்டுருஞ் சாமி!" என்றாள்.

நாச்சிமுத்து கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்புக்கும் கட்டைக்கும் இடையில் இன்னும் ஒரு முழம் இருந்தது. படீர் என்று கட்டை இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. திருமூர்த்தி மட்டும் லீவரை நிறுத்திவிட்டு அந்த ஒரு முழ இடைவெளியைக் குனிந்து பார்த்தான். அடுத்த கட்டையை வைத்தார்கள். இன்ஜின் சூடாவதற்குள் அது பிளந்தது. மூன்றாவது கட்டை லாரியிலிருந்து இறங்கவே இல்லை, லாரியிலேயே நாலு துண்டானது. நாச்சிமுத்து எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாரோ அந்தப் பக்கமிருந்து படீர் படீரென்று சத்தம் வந்தது. மாகாளியின் டீக்கடை பெஞ்சும் நடுவில் கீறிக்கொண்டு போன பிறகுதான் மாகாளி எழுந்து நின்று, வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"அட, இது மிஷினில்லீங்கோ. நம்ம நாச்சிமுத்தண்ணங் கண்ணு!"

நாச்சிமுத்துவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளுக்குள் எரிவதை முகத்தில் காட்டாமல் ஐம்பத்துநாலு வருடம் காலம் தள்ளியவர், நூறு பேருக்கு நடுவில் மேல்துண்டு இல்லாமல் நிற்பதுபோல் நின்றார். ஆனால் ஊர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணடி எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லா வீட்டிலும் இருக்கிறது, அது பால் மாட்டை மடி வற்ற வைக்கும், காய்த்த கொடியைக் கருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் தரும். நாலு பேருக்கு உபயோகமாக ஒரு வேலை அது செய்து யாரும் பார்த்ததில்லை. இத்தனை நாள் வீணாகப் போய்விட்டதே என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

மறுநாளே கல்யாண மண்டபத்துக்காரர் இரண்டு லோடு வேலங்கட்டையை நாச்சிமுத்துவின் தொட்டியில் இறக்கினார். டீசல் இல்லை, சத்தமில்லை, கட்டைக்கு எதிரே அவர் உட்கார்ந்தால் போதும். சாலைக்கு அந்தப் பக்கம் மச்சினனின் மிஷின் தெரிந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் கட்டைகள் பொரிந்துகொண்டிருந்தன. மர நாற்காலி நாளைக்கு ஒன்றாக உடைந்ததால், மண்டபத்துக்காரரே சிவப்பில் ஒரு பிளாஸ்டிக் சேர் கொடுத்தார். அவர் தெருவில் நடந்தால் வீட்டுக்காரர்கள் கதவின்மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். தொட்டில் இருக்கிற வீட்டுக்காரர்கள் தொட்டிலை உள்ளறைக்கு மாற்றினார்கள். யாரும் கோபமாகச் செய்யவில்லை. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி செய்தார்கள்.

எட்டாவது நாள் திருமூர்த்தி மிஷினின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

"மாமா கண்ணு இருக்கறப்ப எம்பட மிஷினு எதுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பழையபடி இரும்புக் கேட், ஜன்னல் செய்யப் போய்விட்டான். சொன்னதில் ஒரு துளி வருத்தமோ கிண்டலோ இல்லை. அதுதான் நாச்சிமுத்துவை ஒன்றும் செய்யவிடாமல் செய்தது.

மிஷின் மூடிய மறுநாள், கட்டைகள் பிளக்க மறுத்தன. நாச்சிமுத்து முறைத்தார், உருட்டினார், கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தார். மச்சினன் தோற்றுவிட்டான், தான் ஜெயித்துவிட்டோம், அப்புறம் கண்ணுக்கு எங்கிருந்து வரும் பலம்? மண்டபத்தில் சமையல்காரர்கள் அடுப்பை வைத்துக்கொண்டு விறகுக்குக் காத்திருந்தார்கள். டீ கொண்டுவந்த மாகாளி, சும்மா பேச்சுக்கு, தன் எருமை இரட்டைக் கன்று போட்டதைச் சொன்னான். கிளாஸை வைப்பதற்குள் ஒரு வேலங்கட்டை பிளந்தது. மாகாளி கட்டையைப் பார்த்தான், நாச்சிமுத்துவைப் பார்த்தான், பிறகு மெதுவாக, ரெண்டும் கிடேரி என்றான். இன்னொரு கட்டை பிளந்தது.

அன்றிலிருந்து வாகைப்புதூரில், விறகு வேண்டியவர்கள் கட்டையோடு ஒரு பெருமையையும் கொண்டுவர வேண்டும் என்று ஆயிற்று. அந்த ஊர் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்றால், மாடிமேல் மாடி கட்டியவனைக் கேட்டாலும் "ஏதோ ஓடுதுங்க" என்பான், மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தவளைக் கேட்டாலும் "அதென்னமோ படிக்குது" என்பாள், நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று வாயைத் தைத்துக்கொண்டு வாழ்ந்த ஜனம். அவர்கள் இப்போது வரிசையில் நின்று சொன்னார்கள். போர் போட்டதில் எண்பதடியில் தண்ணீர் என்றார்கள், மருமகள் கால் அமுக்கிவிடுகிறாள் என்றார்கள், பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கேட்காத மாப்பிள்ளை வாய்த்திருக்கிறான் என்றார்கள், ரிட்டயரான தலைமையாசிரியர் ஒருவர் சர்க்கரை இல்லை என்று எழுதிய ரத்தப் பரிசோதனைச் சீட்டையே விரித்துக் காட்டினார். பொய் சொன்னவர்களுக்குப் பட்டை மட்டும் உரிந்தது. தொட்டியைவிட்டு வெளியே வந்ததும் எல்லாரும் ஈரச் சாக்கை இழுத்து மூடுவதுபோல் வாயை மூடிக்கொண்டு, யாராவது கேட்டால் "ஏதோ ஓடுதுங்க" என்றார்கள்.

இட்லிக் கடை பாப்பாத்தி ஒருநாள் நாலு கட்டையோடு வந்தாள். புருஷனும் இல்லை, காடுகரையுமில்லை. "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்களே," என்று கட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவள், வெயிலுக்கு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை சீராக வந்தது. நாச்சிமுத்து அந்தத் தூக்கத்தைப் பார்த்தார். ஊரார் பெருமை அத்தனையையும் காதில் வாங்கி வாங்கி, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது மனப்பாடமாகி, அவர் அப்படித் தூங்கி ஆறு மாதமாகிவிட்டது. பாப்பாத்தியின் நாலு கட்டையும் சிறாய் சிறாயாகச் சிதறின. அன்றைக்கு அவருக்கு முதன்முதலாகத் தன்மேலேயே பரிதாபம் வந்தது.

துளசிமணி இந்த ஆறு மாதமும் தம்பி பேச்சையே எடுக்கவில்லை. அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வீட்டு விட்டம் விழும் என்று அவளுக்குத் தெரியும். சோறு போட்டாள், "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா" என்றாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடமாக அவள் அவரை அழைத்தது அந்த ஒரு "ஏனுங்க"தான். அதில் மரியாதைக்குக் குறைவில்லை.

மாசி மாதம் தேர் வந்தது. வாகைப்புதூர்த் தேர் முழுக்க மரம், சக்கரத்துக்கு மட்டும் இரும்புப் பட்டை. ஊரே வடம் பிடித்து இழுத்தாலும், வீதி முக்கில் திரும்புவதும், சரிவில் நிற்பதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவன் கையில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் நாச்சிமுத்து. தானே செதுக்கிய புளியங்கட்டையை ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் அவர் எறிந்து கையை எடுக்கிற நேரம், கண் சிமிட்டுகிற நேரம். அந்த ஒரு நாளில்தான் அவர் பேசமாட்டார், செய்வார். வருடத்தில் மற்ற நாளெல்லாம் டீக்கடையில் குச்சியால் கோடு போடுகிற ஆளை ஊர் பொறுத்துக்கொண்டது அந்த ஒரு நாளுக்காகத்தான், அது அவருக்கும் தெரியும்.

தேருக்கு மூன்று நாள் முன்னால் தர்மகர்த்தா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்கப்படாதுங்க நாச்சிமுத்து. தேரு பழைய மரம். நீங்க பக்கத்துல நின்னு, மனசுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு புகுந்துட்டா..."

"தேர் மேல எனக்கென்னங்க பொறாமை?"

"தேர் மேல இல்லீங்க. சாமிய ஊரே இழுக்குது, ஒங்கள ஆரும் இழுக்கறதில்லையேன்னு தோணிட்டா?"

"அப்பக் கட்டை போடறது ஆருங்க?"

தர்மகர்த்தா நிலத்தைப் பார்த்தார். "ஒங்க மச்சினந்தானுங்க. அளவு தெரிஞ்ச கையி."

வாசல் நிலவுகால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வெடித்தது. "இதுக்குத்தானுங்க சொன்னேன்," என்று தர்மகர்த்தா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

தான் செதுக்கிய முட்டுக்கட்டைகளை நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துக் கொடுத்தார். திருமூர்த்தி அவற்றை வாங்கிப் போய்ப் பட்டறையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதையும் இருக்கிறபடி விட அவன் கைக்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டையின் வாலிலும் போல்ட் போட்டு முடுக்கி, பிடித்துக்கொள்ள வாகாக ஓர் இரும்பு வளையம் வைத்தான். முட்டுக்கட்டைக்குப் பிடி ஏன் இல்லை என்பதை நாச்சிமுத்துவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வைத்ததும் விட்டுவிட வேண்டிய பொருளுக்குப் பிடி இருக்கக்கூடாது. அவன் கேட்கவில்லை, அவரும் போய்ச் சொல்லவில்லை.

தேரன்று மத்தியானம் நாச்சிமுத்து வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், சிவப்பு பிளாஸ்டிக் சேரில். வீதியில் நடப்பதெல்லாம் காதிலேயே தெரிந்தது. கொட்டு முழக்கு தெற்கு வீதி தாண்டியது, மேற்கு வீதி முக்குக்கு வந்தது, கட்டை போடு கட்டை போடு என்ற சத்தம், சக்கரம் நெறிகிற சத்தம். அவன் கை தவற வேண்டும் என்று அவர் நினைத்தார். கொஞ்சம்போல, ஊர் பார்க்கிற அளவுக்கு, ஒரே ஒரு தடவை தவற வேண்டும் என்று நினைத்தார். அப்போது கொட்டு நின்றது. இத்தனை வருடத்தில் முக்கில் கொட்டு நின்றதே இல்லை.

மாகாளி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணா, எந்திரீங்க! மச்சினங் கையி மாட்டிக்கிச்சு. வளையத்துக்குள்ள மணிக்கட்டு, கட்டை மேல சக்கரம்."

நாச்சிமுத்து துண்டால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு, மாகாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடும்போதே மாகாளி சொன்னான். தேரை முன்னால் இழுத்தால் கை கூழாகும். பின்னால் தள்ளினால் சரிவு ஏறாது. கோடாலி வீச இடமில்லை, ரம்பம் நுழைய இடமில்லை, வளையத்தை வெட்ட மிஷின் வைத்தால் மணிக்கட்டும் சேர்ந்து போகும். திருமூர்த்தியின் ஐட்ராலிக் சிலிண்டரைக் கொண்டுவந்து சக்கரத்தைத் தூக்கலாம் என்று நாலு பேர் ஓடிப்போய்த் தார்ப்பாயை விலக்கினால், சும்மா நின்ற ஆறு மாதத்தில் எலி ஓஸைக் கடித்து, ஆயிலெல்லாம் மண்ணில் இறங்கிக் கிடக்கிறது. மற்ற மூன்று சக்கரத்துக்கும் முட்டு இருக்கிறது. இந்த ஒரு கட்டை நீளவாக்கில் பிளந்தால் போல்ட் கழன்று கை வந்துவிடும்.

"கண்ணத் தொறந்தா தேரும் சேந்து போயிருமேடா," என்றார் நாச்சிமுத்து.

அதற்குப் பட்டறை ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். சிலிண்டர் வேலைக்கு வாங்கி மிச்சமான இரண்டடி பைப் ஒன்று. அவரைத் தரையில் குப்புறப் படுக்கவைத்து, பைப்பின் ஒரு முனையை முட்டுக்கட்டைக்கு நேராக வைத்து, மறுமுனையில் அவர் வலது கண்ணை வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். இடது கண்ணைத் தர்மகர்த்தாவே உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பைப்புக்குள் ஓர் எட்டணா அளவுக்குப் புளியங்கட்டை தெரிந்தது, தான் செதுக்கிய உளித்தடத்தோடு.

ஊர் சொல்ல ஆரம்பித்தது. எருமை, போர்த் தண்ணீர், மருமகள், மாப்பிள்ளை, ரத்தப் பரிசோதனை. ஒளித்துவைத்திருந்த பெருமைகளும் வெளியே வந்தன, பூட்டிவைத்த நகைகளும், பேசி முடித்துச் சொல்லாமல் இருந்த சம்பந்தங்களும், ஒருத்தர் மாற்றி ஒருத்தராக, பிறகு ஒரே நேரத்தில் எல்லாரும், ஆயிரம் பேர் நடுவீதியில் நின்று தங்கள் பாக்கியங்களை அழுதுகொண்டே கத்தினார்கள். கட்டை அசையவில்லை. நாச்சிமுத்துவுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் யாரிடமும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கை தவற வேண்டும் என்று நினைத்தேனே, நினைத்தேனே என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா," என்றான் திருமூர்த்தி. குரல் பக்கத்திலேயே, தரையோடு தரையாக வந்தது. "கட்டை போடற மரியாதை எனக்குக் கெடச்சிருச்சு பாத்தீங்களா... ஒங்களுக்கு இனி கெடைக்காதுங்க..."

பெருமை பேசத் தெரியாதவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிய பெருமை அது. நாச்சிமுத்துவுக்கு அழுகைதான் வந்தது. "பேசாத மாப்ளே, பேசாத, ஒனக்கு வராது," என்றார். பைப்புக்குள் கட்டை கலங்கித் தெரிந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு துளசிமணி வந்தாள். அவர் பார்க்கவில்லை, கேட்டார். வளையல் சத்தம், மண்ணில் உட்கார்கிற சத்தம், தம்பியின் தலையை மடியில் எடுத்து வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல்.

"எந் தங்கம். எஞ் சாமி. நானிருக்கறனில்ல? அக்கா இருக்கறனில்ல? ஒண்ணுமாகாது கண்ணு, எந் தங்கமில்ல."

அதே தங்கம். அந்த வெள்ளிக்கிழமை கேட்ட அதே தங்கம். இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள், காய்ச்சலில் விழுந்தபோதோ, கோடாலி நழுவிக் காலில் ஏழு தையல் போட்டுக் கிடந்தபோதோ, அந்த ஒரு வார்த்தை தன் பக்கம் வந்ததில்லை என்பது நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. இத்தனை நாள் எரித்தது மிஷின் இல்லை. யோசனையைத் திருடினான் என்பதில்லை. லீவரும் இல்லை, தேரும் இல்லை. சக்கரத்துக்கு அடியில் கை மாட்டிக் கிடக்கிறவனைப் பார்த்து, அந்த இடத்தில் நான் கிடக்கக்கூடாதா என்று அவர் மனசாரப் பொறாமைப்பட்டார்.

படீர்.

கட்டை நீளவாக்கில் இரண்டாகி, சக்கரம் ஒரு விரற்கடை இறங்கித் தரையில் நின்றது. வளையம் கழன்றது. திருமூர்த்தியின் கையை இழுத்தெடுத்தார்கள்; மணிக்கட்டு முறிந்திருந்தது, விரல் அஞ்சும் இருந்தன. தேரில் ஒரு கீறல் இல்லை. மச்சினன் மேல் வைத்த பாசம்தான் கட்டையைப் பிளந்தது என்று ஊர் சொல்லிக்கொண்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்றார்கள்.  தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாச்சிமுத்து வடத்தைக்கூடத் தொடாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டோடு தம்பி தூங்கிக்கொண்டிருந்தபோது, துளசிமணி கேட்டாள். "ஏனுங்க, ஊரே கத்திப் பெருமை பேசியும் ஒண்ணும் ஆகல. அப்புறம் எதுக்குங்க வெடிச்சுது?"

பத்து வருடம் மிஷினைப் பற்றிப் பேசியவர் இதை ஒரே வரியில் முடித்தார். "நீ அவனத் தங்கமுன்னு சொன்னே பாரு," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

 அவள் தூக்குப்போசியைத் திறந்து தட்டில் சாதத்தைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். "அம்பத்தேழு கிலோ கட்டையாட்டம் இருந்துக்கிட்டு, கேட்டு வாங்கத் தெரியல," என்றாள். "தின்னுங்க, தங்கம்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பங்குனி பிறந்ததும் மிஷினுக்குப் புது ஓஸ் வந்தது, புது ஆயில் ஊற்றினார்கள். நாச்சிமுத்துவின் கண் பட்டு ஒரு கட்டை பிளந்து பத்து நாளாகியிருந்தது. தொட்டியில் லோடு மலையாகக் கிடந்தது, ஊரார் மறுபடி "ஏதோ ஓடுதுங்க"வுக்குத் திரும்பியிருந்தார்கள். திருமூர்த்தி கழுத்தில் தொங்கவிட்ட மாவுக்கட்டுக் கையைக் காட்டி, "மாமா, நீங்கதான் லீவரத் தள்ளோணும்," என்றான். பட்டறை வாசலில் கிடந்த மர பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாச்சிமுத்து லீவரில் கை வைத்தார். இன்ஜின் உறுமியது. சிலிண்டர் நிதானமாக நீண்டு, கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் ஆப்பில் முட்டியது. முட்டியபிறகு, ஒரு மூச்சு நேரம் கழித்து, நெறுநெறுவென்று நரம்பு நரம்பாகக் கட்டை வாய் திறந்தது. பத்து வருடம் மண்ணில் கோடு போட்டது கைக்குள் அதிர்ந்தது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அடுத்த கட்டையை வைத்தார், அதற்கடுத்ததை வைத்தார். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் சாலையைக் கடந்துவந்து, நாச்சிமுத்தண்ணன் ஓட்டுறதப் பாரு, பொறந்ததுல இருந்து ஓட்டுனாப்பல என்றது. துளசிமணி சொம்பில் மோர் கொண்டுவந்து, நேராக மிஷினுக்குப் போய், புருஷனின் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பின்னால் படீர் என்றது.

திருமூர்த்தி உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுவில் பிளந்து, அவன் தரையில் கிடந்தான், ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி, காதுமடல்வரை சிவந்துபோய்.  நாச்சிமுத்து இன்ஜினை அணைத்தார். சாலையைக் கடந்து தன் தொட்டிக்குப் போய், அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து, மச்சினனுக்குப் பக்கத்தில் போட்டார்.

"இதுல உக்காரு மாப்ளே," என்றார். "இது ஒடையாது."